மறுநடை போகாத படகு

(தண்டையார்பேட்டையில் வாசகர்கள் சிலர் கூடிய மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. பின்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து முன்னால் வந்துவிடுங்கள்.

காலநிலைப் புனைவு என்று இப்போது ஒரு தனி வகையே வந்துவிட்டது. கடல் ஏறும், மழை பொய்க்கும், ஊர் அழியும். மிச்சமிருக்கிற நாலு பேர் ஒரு டப்பா சாப்பாட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். பிழைக்க வேண்டுமானால் மனசைக் கல்லாக்கிக்கொள் என்பதுதான் இவற்றில் பல கதைகளின் நாயகன் கற்கும் பாடம். அந்தப் பாடத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

அதற்குத் தத்துவ உடுப்பு மாட்டிவிட்டவர் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர். 1974இல் எழுதினார். ஓர் உயிர்காப்புப் படகு. 60 பேருக்கு இடம், 50 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரில் 100 பேர் தத்தளிக்கிறார்கள். எல்லோரையும் ஏற்றினால் படகு முழுகிவிடும். பத்துப் பேரை மட்டும் ஏற்றலாமா, ஏற்றினால் எந்தப் பத்து? அதுவும் வேண்டாம், அந்த இடம் நம் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்கிறார். பணக்கார நாடுகள் படகில், ஏழை நாடுகள் தண்ணீரில். தானியம் அனுப்பாதே, எல்லையைத் திறக்காதே என்று சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் இதைக் காசிமேட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "கரை எவ்வளவு தூரம்?" என்றுதான் முதலில் கேட்பார். ஹார்டின் கதையில் கரையே கிடையாது. அந்தப் படகுக்கு ஒரே நடைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். ஏறினவர்களை மேடான இடத்தில் இறக்கிவிட்டு மறுநடை போனார்கள். அவ்வளவுதான். தத்துவப் படகுக்குத் தோன்றாத விஷயம் இது.

எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த மறுநடையை எழுதுங்கள். மொட்டை மாடியில் நிற்கிற அம்மா நாயை விட்டு வரமாட்டேன் என்கிறார். படகில் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தை, நடக்க முடியாத ஒரு பெரியவர். தண்ணீருக்கடியில் சாலைத் தடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஃபைபர் படகு உரசினால் பிளக்கும், அந்தச் செலவு யார் தலையில்? டீசலுக்கு யார் காசு கொடுத்தது? அறம் என்பது அங்கே இப்படித்தான், டீசல் வாசனையோடு இருக்கும்.

சரி, எல்லோருக்கும் போதாத, கரையே இல்லாத நிலைமை வராதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே. அப்போதும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் லாரிக்கு முன்னால் குடங்கள் வரிசையில் நின்றன. ஆள் வேலைக்குப் போயிருப்பார், குடம் அவருக்காக நிற்கும். வீட்டுக்கு இத்தனை குடம், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒன்று கூடுதல். சண்டையே வரவில்லை என்று சொன்னால் இந்த அரங்கமே சிரிக்கும். சண்டை வந்தது, முடியைப் பிடித்தார்கள். ஆனால் மறுநாளும் அதே விதிப்படி அதே வரிசை நின்றது. ஒரு நாவலுக்கு இந்த விதிகள் போதாதா?

நம்மிடம் பழைய கதை ஒன்று இருக்கிறது, மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை. கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. கப்பல் அவனை மணிபல்லவத் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவன் ஒருவன் அதை வைத்து ஆயுசுக்கும் சாப்பிடலாம், ஆனால் பலர் பசிக்கு வந்த பாத்திரத்தில் தான் மட்டும் தின்று உயிர் வளர்க்க அவனுக்கு மனசு வரவில்லை. உண்ணாமல் செத்துப்போகிறான். அவன் சாவை நான் கொண்டாட மாட்டேன், அதனால் யாருக்கும் வயிறு நிறையவில்லை. எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் அவன் செய்தது. ஆண்டுக்கு ஒரு நாள் மேலே வா, பசியாற்றுகிறவர் கைக்குப் போ என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுகிறான். தனக்குத்தான் கப்பல் இல்லை, பாத்திரத்துக்கு மறுநடை ஏற்பாடு செய்துவிட்டான்.

இன்னொன்று. படகில் யாருக்கு இடம் என்று கேட்கும்போதே, கப்பல் ஏன் கவிழ்ந்தது என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. 2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. வலை நாசமான மீனவர்களே மக்கில் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். அது ஓயுமுன் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரே மாதத்தில் மூன்றையும் வைத்து நாவல் எழுதினால், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்பார் பதிப்பாசிரியர்.

இதை அந்த இரவில் தொடங்கினால் வெறும் ஓட்டக் கதை. எண்ணூரில் ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த வருஷங்களிலிருந்து, தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவருக்கு இறால் அகப்படாமல் போனதிலிருந்து தொடங்கினால் வேறு கதை. இன்னும் பின்னால்கூடப் போகலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அதில் தடுக்கி நின்றது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. சுண்டல் சாப்பிட உட்காருகிறோமே, அந்த மணலில் பெரும்பங்கு இங்கே வந்திருக்க வேண்டியது. நமக்குக் கிடைத்தது பாறாங்கல்லும், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவும்.

ஆகவே ஹார்டினிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த 50 பேர் முதலில் படகுக்கு எப்படி வந்தார்கள்? அதை யாராவது கதையாக எழுதினால், நான் இங்கேயே வந்து படித்துக் காட்டுகிறேன். இப்போது கேள்விகளுக்கு வருவோம், அந்த மைக்கை அப்படியே பின்னால் கொடுங்கள்.