பல்கலைக்கழகத்துக்குப் பெருமை எது? விளையாட்டு வெற்றியா, கல்வியா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நீச்சல் பயிற்சியில் இருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேராக இந்த அரங்குக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பெருமை சேர்ப்பது கல்விதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி முன்வைத்த வாதங்கள் இரண்டு. அணி ஜெயித்தால் விண்ணப்பங்கள் குவியும் என்பது ஒன்று. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுதான் கல்லூரிக் கதவைத் திறக்கிறது என்பது இன்னொன்று.

முதல் வாதத்துக்கு பாஸ்டன் கல்லூரியைக் காட்டினார்கள். 1984இல் மயாமி பல்கலைக்கழகத்துக்கு எதிரான, கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் கடைசி நொடியில் டக் ஃப்ளூட்டி எறிந்த பந்து அந்தக் கல்லூரியை நாடு முழுக்கப் பேச வைத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பந்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே விண்ணப்பங்கள் ஏறத் தொடங்கிவிட்டன. சரி, இதை இத்தோடு விடுகிறேன்.

இரண்டாவது வாதம் கனமானது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது.

கதவு திறக்கிறது என்றீர்கள், உள்ளே போன பிள்ளைக்கு என்ன கிடைத்தது? சேப்பல் ஹில்லில் இருக்கும் வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் ஜோர்டன் ஆடிய இடம், அமெரிக்காவின் பழம்பெரும் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. அங்கே 1993 முதல் 2011 வரை, 18 ஆண்டுகள், ஒரு துறையில் நடக்காத வகுப்புகள் நடந்தன. பாடம் எடுக்க ஆசிரியர் வரவில்லை, மாணவர் கூடவும் இல்லை. பருவ முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். பல கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட்டவர் அலுவலகப் பணியாளர், பேராசிரியர் அல்ல. 2014இல் வந்த விசாரணை அறிக்கை, 3,100 மாணவர்களுக்கு மேல் இதில் சேர்ந்திருந்தார்கள் என்றது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். மொத்த மாணவர் எண்ணிக்கையில் வீரர்கள் எவ்வளவு சிறு பகுதி என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பாதியின் பொருள் புரியும். ஆட்டத் தகுதி போகாமல் இருக்க மதிப்பெண் வேண்டும், மதிப்பெண்ணுக்கு இந்த வகுப்பு என்று ஆலோசகர்களே வழிகாட்டி அனுப்பினார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ 2017இல் இதற்குத் தண்டனை தரவில்லை. வகுப்புகள் வீரர்களுக்கு மட்டும் அல்ல, எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே எங்கள் விதியில் இது வராது என்றது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எதிரணி சொல்லும் அந்த ஏழைப் பிள்ளையின் உழைப்பை மைதானம் வாங்கிக்கொண்டது. பதிலுக்குத் தருவதாகச் சொன்ன படிப்பை மட்டும் தரவில்லை. பல்கலைக்கழகம் அந்தப் பிள்ளைக்குச் செய்த துரோகம் இது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இது பழைய கதை என்பீர்கள். 2024இல் நடந்ததைச் சொல்கிறேன். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் போட்டி ஆடும் விளையாட்டுக் கூட்டணியில் சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம், எதிர்க் கரையில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோடு ஒரே கூட்டணியில் ஆடுகிறது. காரணம் ஃபுட்பாலின் தொலைக்காட்சிப் பணம். ஃபுட்பால் அணிக்கு வாரம் ஒரு ஆட்டம், அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமை. ஆனால் வாலிபால் ஆடும் பெண்ணுக்கும் சாஃப்ட்பால் ஆடும் பெண்ணுக்கும் அப்படி இல்லை. நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் பறந்து, ஆடி, திரும்பி வந்து மறுநாள் காலை ஆய்வகத்தில் நிற்க வேண்டும். கூட்டணியை மாற்றும்போது அந்தப் பெண்ணின் பாட அட்டவணையைக் கேட்டு முடிவெடுத்தவர் யார்?

2025இல் நீதிமன்றம் ஏற்ற ஒரு தீர்வின்படி, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அதை நான் எதிர்க்கவில்லை, உழைத்தவனுக்குக் கூலி நியாயம். என் கவலை வேறு. சம்பளம்தான் கொடுத்துவிட்டோமே, இனிப் படிப்பு எதற்கு என்று பல்கலைக்கழகம் கை கழுவ இப்போது வழி பிறந்திருக்கிறது.

வேறு வழி உண்டா என்று எதிரணித் தலைவர் கேட்டார். உண்டு. கல்லூரி ஃபுட்பாலின் தலைசிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கர் சிகாகோ பல்கலைக்கழகத்து மாணவர். நான்கே ஆண்டுகளில், 1939இல், அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பால் அணியையே கலைத்தார். அந்த ஆண்டு மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றிருந்தார்கள். தோல்விக்குப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாகத் தேடும் மருந்து புதிய பயிற்சியாளர், இன்னும் பணம், இன்னும் தளர்ந்த சேர்க்கை. ஹட்சின்ஸ் அந்தப் பக்கமே போகவில்லை. அதனால் சிகாகோவின் பெயர் கெட்டதா? நோபல் பரிசுப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். 1969இல் ஃபுட்பால் அங்கே திரும்பி வந்தது, இன்றும் ஆடுகிறார்கள். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிக்க வந்தவர்கள் ஆடுகிறார்கள்.

அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களின் ஸ்பெல்மன் கல்லூரி இன்னும் ஒரு படி போனது. அங்கே சுமார் 2,100 மாணவிகளில் 80 பேர்தான் அணிகளில் ஆடினார்கள், அதற்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலர் செலவு. என்சிஏஏவை விட்டு விலகி அந்தப் பணத்தை எல்லா மாணவிகளின் உடற்பயிற்சிக்கும் நலத்துக்கும் திருப்பப்போவதாக 2012இல் அறிவித்தார்கள். விளையாட்டின் மேல் உண்மையான அக்கறை அதில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

பெற்றோர்களே, நாளைக்கு ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் உங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து உங்கள் மகளைத் தன் அணிக்கு அழைக்கலாம். அரங்கம் எவ்வளவு பெரியது என்பதை அவரே சொல்வார். நீங்கள் வேறு மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் அணியில் ஆடுகிறவர்கள் என்ன படிக்கிறார்கள்? ஒரு பருவத்தில் எத்தனை வகுப்புகளைத் தவறவிடுகிறார்கள்? முழங்கால் உடைந்து என் மகளால் ஆட முடியாமல் போனால், பட்டம் வாங்கும் வரை இடமும் உதவித்தொகையும் அவளுக்கு இருக்குமா? மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.