அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள்

வணக்கம் பிள்ளைகள். அம்மா அப்பாமாரும் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை தாதியாகப் போகிறேன் என்றால் வீட்டில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை மிஷினால் சுத்திகரிக்கிற டயாலிசிஸ் பிரிவுக்கு என்றதும் முகம் மாறும். "சுகமாகிப் போகாத ஆக்கள். அங்க ஏன் பிள்ளை?" என் அம்மாவும் இதையேதான் கேட்டா. அவவுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

மற்ற வாட்டுகளில் ஒருவர் ஐந்து நாள் இருப்பார், பிறகு துண்டு வெட்டிக்கொண்டு போவார். எங்களிடம் வருகிறவர் கிழமைக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஏறக்குறைய 4 மணித்தியாலம், வருடக்கணக்காக வருவார். செட்டிகுளத்திலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ முதல் பஸ் பிடித்து வருகிறவரின் வீட்டுக்கதை முழுக்க உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியத்தான் வேண்டும். போனமுறையை விட நிறை நாலு கிலோ கூடியிருந்தால், அது கொழுப்பு அல்ல, வெளியேற வழியில்லாமல் உடம்பில் தங்கிய தண்ணீர். ஏன் அவ்வளவு குடித்தார் என்று கேட்டால், "வெயிலுக்க அருவி வெட்டு, மிஸி. நா வறண்டு போச்சு" என்பார். வன்னி வெயிலில் வயலில் நின்றவரை எப்படி ஏசுவது? ஐஸ் கட்டி ஒன்றை வாயில் வைத்திருக்கலாம், உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், செம்பில் குடிக்காமல் சின்னக் கிளாசில் அளந்து குடிக்கலாம் என்று அவருக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். இளநீரையும் வாழைப்பழத்தையும் ஏன் தள்ளிவைக்கச் சொல்கிறோம் என்பதும் அப்படித்தான். அவற்றில் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். எங்கள் ஊர்ச் சாப்பாடு தெரிந்த பிள்ளை சொல்லும்போது அது காதில் ஏறும்.

அப்புறம் அந்தக் கை. இரத்தத்தை மிஷினுக்கு எடுக்க, முன்னங்கையில் நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்றை உருவாக்குவார்கள். நாளம் தடித்து ஊசி போடும் பதத்துக்கு வரச் சில கிழமைகள், சிலருக்குச் சில மாதங்கள் எடுக்கும். நோயாளி வந்ததும் நாங்கள் முதலில் அதில் விரலை வைப்போம். உள்ளே பூனை உறுமுவதுபோல ஒரு அதிர்வு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இரத்தம் கட்டியிருக்கலாம், உடனே டொக்டரைக் கூப்பிட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ யாரையும் விடக்கூடாது. அந்தக் கைதான் அவருடைய உயிர். அதைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு தாதியுடையது.

இந்த மிஷினும் போர்க்காலத்தில் பிறந்ததுதான். 1943இல் ஜெர்மன் படை பிடித்திருந்த நெதர்லாந்தில், வில்லெம் கொல்ஃப் என்ற டொக்டர் இறைச்சி அடைக்கிற செலோபேன் குழாயை உருளையில் சுற்றி இரத்தத்தைச் சுத்திகரிக்கப் பார்த்தார். தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார்.

இன்றைய மிஷின் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லீற்றர் தண்ணீர் எடுக்கும். மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் அந்தத் தண்ணீரில் கலந்த கரைசல். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரை அப்படியே விட முடியாது. அதனால் நீர் சுத்திகரிப்பு அறையைக் கவனிப்பதும் எங்கள் பொறுப்பில் சேரும்.

வன்னிக்கு இது தூரத்து நோயுமல்ல. 1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் கவனிக்கப்பட்ட, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் அந்த மாகாணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வவுனியாவிலும் இருக்கிறது. தண்ணீர், வெப்பம், விவசாய இரசாயனம் எனப் பலதையும் ஆராய்கிறார்கள். தொடக்கத்தில் வலி எதுவும் காட்டாது. அதனால் கிளினிக்கில் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல்வதும் உங்கள் வேலையாகும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. தாதியர் கல்லூரி வவுனியாவிலேயே இருக்கிறது, டிப்ளோமாவுக்கு மூன்று வருடம். பட்டம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். ஆண் பிள்ளைகளும் வரலாம், வரவேண்டும். படித்து முடித்த அன்றே யாரும் மிஷினைத் தனியே கையில் தரமாட்டார்கள், மூத்தவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். வேலைக்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

பாவிக்காத ஊசி ஒன்றும் அந்தச் சவ்வு இருக்கிற டயலைசர் என்ற வடிகட்டி ஒன்றை வெட்டித் திறந்தும் கொண்டுவந்திருக்கிறேன். அதற்குள் தலைமயிர்போல ஆயிரக்கணக்கான குழாய்கள் இருக்கின்றன. மேசையில் வைக்கிறேன், வந்து பாருங்கள்.