ரைஸ் மில்லில் குடித்தனம்

நேயர்களுக்கு வணக்கம். நான் கட்டட வேலை பார்க்கிறவன். போன மாதம் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், மூடிக்கிடக்கும் ரைஸ் மில் ஒன்றை அளக்கப் போயிருந்தேன். நெல் அவித்த தொட்டிக்குள் அரசங்கன்று ஆளுயரத்துக்கு நிற்கிறது. சுவரைத் தட்டினால் இன்னும் உமித்தூசி கொட்டுகிறது. இடித்துவிட்டு மனை போடலாமா என்று கேட்டார் உரிமையாளர். எனக்கு யோசனை வேறு பக்கம் போனது: இதைக் கலைஞர்கள் குடியிருக்கிற வீடாக மாற்றினால் என்ன?

எங்கள் தெருவில் உறுமி அடிக்கிற தம்பி ஒருவன், மூன்று வருஷத்தில் நாலு வீடு மாறிவிட்டான். வாடகை பாக்கியெல்லாம் இல்லை. சாயங்காலம் அடித்துப் பழகினால் பக்கத்து வீட்டுக்கு ஆகவில்லை. தோல்பாவை செய்கிறவருக்கு வேறு தொல்லை. தோலை இழுத்துக் கட்டிக் காயவைக்க வெயில் விழும் இடம் வேண்டும், லைன் வீட்டில் எங்கே போவது? தோல்பாவைக்கூத்து நடக்கும் நம் பாலக்காட்டுக் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாட்டு விடிய விடியக் கேட்கிறது. பாடியவர் விடிந்ததும் எங்கே போய்ப் படுக்கிறார் என்று நாம் கேட்பதில்லை.

நியூயார்க்கில் பெல் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடமாக இருந்த கட்டடம், 1970-இல் வெஸ்ட்பெத் என்ற பெயரில் கலைஞர் குடியிருப்பானது. 380-க்கு மேல் வீடுகள். 1927-இல் வாஷிங்டனிலிருந்து தொலைக்காட்சிப் படம் வந்து சேர்ந்ததும் இங்கேதான். வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறேன், மன்னிக்கவும்! கட்டட வல்லுநர் ரிச்சர்ட் மையர், வீட்டுக்குள் அதிகம் சுவர் எழுப்பவில்லை. அடுப்படி, குளியலறை போக மீதி ஒரே கூடம்; குடிவருகிறவர் தேவைக்குத் தடுத்துக்கொள்ளலாம். வருமான வரம்பு பார்த்துத்தான் வீடு. லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துவதால் வாடகை எகிறவில்லை. காத்திருப்போர் பட்டியல் நீண்டுபோய், 2007-இல் புதிதாகப் பெயர் சேர்ப்பதையே நிறுத்தினார்கள்.

நம் மில்லில் நெல் காயப்போட்ட களம் இருக்கிறது. தோல் காயவும் உறுமி அடிக்கவும் அது போதும். கூரைதான் வம்பு, ஆஸ்பெஸ்டாஸ். தட்டி உடைத்தால் தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கவேண்டும். சுவர் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சு பெயர்ந்து வரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். அப்புறம், ஆலையை வீடாக மாற்றப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்குவது தனிக் கதை.

இதையெல்லாம் உரிமையாளரிடம் சொன்னேன். "அந்த உறுமிக்காரன் வாடகை தருவானா?" என்று கேட்டார்.

"நாலு வீட்டிலும் தந்திருக்கிறான்ங்க."

"சரி, கூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். உறுமியையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.