விழுந்த தாத்தாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா?

வணக்கம் மக்களே! என் கையில் இருப்பதைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். டைட்டானியம் கம்பி, ஒரு சாண் நீளம். மேல்பக்கம் பருமன், அங்கே சாய்வாக ஒரு துளை. இடுப்பு முறிந்தால் தொடை எலும்புக்குள் இறக்கும் கம்பி; பி.எஃப்.என். என்று டாக்டர்கள் சொல்லும் நெயில் இதுதான். பிசியோதெரபிஸ்ட் என்பதால் டெமோ பீஸ் கிடைத்தது.

பாத்ரூமில் வழுக்கி விழுந்தவருக்குக் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு முறிவாக இருக்கலாம். உடைவது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை. அந்த முனையில் மூட்டுக்குள் உட்காரும் பந்து, அதை ஒட்டிக் குறுகலாக எலும்பின் கழுத்து. கழுத்துப் பகுதியில் விலகி உடைந்தால் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடலாம். வயதானவர்களுக்குப் பந்தையே மாற்றிவிடுவார்கள். கழுத்துக்குக் கீழே உடைந்தால்தான் நெயிலுக்கு வேலை.

டேபிளில் காலை இழுத்து, ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்து எலும்பை நேராக்குகிறார்கள். இடுப்பின் பக்கவாட்டில் சின்னதாகக் கீறி, மஜ்ஜைக் குழிக்குள் கம்பியை இறக்குகிறார்கள். இந்தச் சாய்வுத் துளை வழியாகப் பந்துக்குள் ஒரு தடித்த ஸ்க்ரூ, கீழே கம்பி நகராமல் பிடிக்க ஒரு லாக் ஸ்க்ரூ.

இன்னொரு வழி, உலோகப் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவது. பிளேட் எலும்புக்கு வெளியே நிற்கும், நெயில் உள்ளே. தண்ணீர்க் குடத்தைக் கையை நீட்டித் தூக்காமல் இடுப்போடு அணைத்துத் தூக்குகிற மாதிரி, பாரம் கிட்டத்தில் விழுகிறது. அதற்காக நெயில்தான் எப்போதும் உசத்தி என்று சொல்லமாட்டேன். நொறுங்காத முறிவுக்குப் பிளேட்டும் ஸ்க்ரூவும் போதும், செலவும் குறைவு.

என்னைக் கேட்டால், அந்த ஸ்க்ரூவின் நுனி எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம். நேர் எக்ஸ்ரே, பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டிலும் நுனிக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். 1995-இல் பாம்கார்ட்னர் என்ற எலும்பு டாக்டரின் குழு சொன்ன கணக்கு. தாண்டினால் ஸ்க்ரூ பந்தைக் கிழித்து வெளியே வரும் ஆபத்து கூடும்.

“தொண்ணூறு வயசு, கத்தி வைக்கணுமா? கட்டுப் போட்டுப் படுக்க வைப்போமே” என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் படுக்கைதான் எமன். படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். பிரிட்டனின் வழிகாட்டுதல், சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் முடியவேண்டும் என்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கரோடு எழுப்பி நிற்கவைக்க வருவோம். வலிக்கும், திட்டுவார், பரவாயில்லை.

அப்புறம் ஒன்று. நின்றபடி விழுந்ததற்கே உடைந்த எலும்பு பலவீனமான எலும்பு. டிஸ்சார்ஜ் சீட்டில் அதற்கு மருந்து எதுவும் எழுதவில்லை என்றால், ஏன் என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.