காலணாப் பத்திரிகையும் கணக்கெடுப்புப் பதிவேடும்

அவையோருக்கு வணக்கம். தாழ்த்தப்பட்டோர் உரிமைக்காக எழுதிய அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றிப் பேசும் மேடைகளில் 'முன்னோடி' என்ற சொல் பத்து முறையாவது வரும். யாருக்கு முன்னால் நடந்தார், எந்த வழியில் நடந்தார் என்பதைச் சொல்லாமலே கூட்டம் முடிந்துவிடும். இன்று மாலை மரியாதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவர் செய்த வேலையை மட்டும் பார்ப்போம். அவர் பத்திரிகை நடத்திய ராயப்பேட்டை இதே சென்னையில்தான் இருக்கிறது. ஆயிரம் விளக்கிலிருந்து நடந்தே போய்விடலாம்.

முதலில் அடிப்படைச் செய்திகள். 1845 மே 20-இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஒரு சமூகத்துக்கே பெயர் மாற்றக் கேட்டவர், அதைத் தம்மிடமிருந்தே தொடங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பம் நீலகிரிக்குப் போனது. அவருடைய பொதுவாழ்வின் முதல் பாதி மலையில், இரண்டாம் பாதி சென்னையில்.

பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் வீட்டில் பட்லராக இருந்தவர். அவரிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் ஆரிங்டன் வழியாக, குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். இந்தச் செய்தியை மேற்கோள் காட்டுகிறவர்கள் 'பண்டிதர் எழுதியபடி' என்ற இரண்டு சொற்களை விட்டுவிடக் கூடாது. ஒரு குடும்பம் தன்னைப் பற்றி வைத்திருந்த நினைவு அது. அந்த நினைவுக்கே மதிப்பு உண்டு. ஓலை எந்த வீட்டில் இருந்தது என்பது, 'இவர்களுக்கு ஏது படிப்பு' என்று கேட்டவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில்.

வைத்தியர், புலவர், பத்திரிகை ஆசிரியர், சபை நடத்தியவர் என்று நான்கு தலைப்புகளில் அவரைப் பிரித்து எழுதுவது பாடப்புத்தகத்துக்கு வசதி. ஆனால் நான்கும் ஒரே மேசைக்குத்தான் வந்து சேர்ந்தன. அந்த மேசையில் இருந்தது அரசாங்கப் பதிவேடு.

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். பஞ்சமர் என்று எழுதாதீர்கள், பூர்வத் தமிழர் என்று எழுதுங்கள் என்பது அவர் கோரிக்கை. 1886-இல் இன்னும் ஒரு படி மேலே போய், இவர்கள் இந்துக்களே அல்லர் என்று அறிவித்தார். இதை வெறும் மானப் பிரச்சினையாகப் பார்த்தால் பாதிதான் விளங்கும். இந்து என்ற கட்டத்துக்குள் எழுதிவிட்டால் கிணறு, தெரு, பள்ளிக்கூடம் எல்லாமே 'அவர்கள் மத வழக்கம்' ஆகிவிடும். அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். தனிக் கட்டத்தில் எழுதினால் எண்ணிக்கை தெரியும். எண்ணிக்கை தெரிந்தால் பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் உத்தியோகமும் கேட்கலாம். கட்டம் மாறினால் கணக்கு மாறும் என்பதை அத்தனை சீக்கிரம் கண்டுகொண்டவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை.

அடுத்தது 1891 டிசம்பர் 1. நீலகிரியில் அவர் நடத்திய திராவிட மகாஜன சபையின் மாநாடு, பத்துத் தீர்மானங்கள். 'சமத்துவம் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கையெழுத்திட்ட தாள் இல்லை அது. பறையர் என்று இழிவாகப் பேசினால் அவதூறுக் குற்றமாகக் கருதிச் சட்டம் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளியும் பள்ளிக் கட்டணச் சலுகையும் வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியவர்களுக்கு உத்தியோகம் வேண்டும். நகராட்சியிலும் ஜில்லா போர்டிலும் ஒரு பிரதிநிதி வேண்டும். சிறைச்சாலை விதிப் புத்தகத்தில் இந்தச் சாதிக் கைதிகளுக்கென்று இழிந்த வேலையை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது. நம் ஆட்கள் மிகுதியாக உள்ள கிராமத்தில் மணியக்காரர், முன்சீப் பதவி அவர்களுக்கும் வேண்டும்.

சிறை விதியைக் கவனியுங்கள். சேரியில் உட்கார்ந்து யோசித்தால் கிணறும் பள்ளிக்கூடமும் நினைவுக்கு வரும். சிறைக்குள் யாருக்கு எந்த வேலை என்ற விதி நினைவுக்கு வரவேண்டுமென்றால் அரசாங்கப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்க வேண்டும். எந்தத் துறை, எந்த விதி, எந்தப் பதவி என்று குறித்துக் கேட்டால் அதிகாரி 'ஆகட்டும் பார்ப்போம்' என்று நழுவ முடியாது; உண்டு, இல்லை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு மனு எழுதுகிறவர்களுக்கும் பயன்படும் பாடம். தீர்மானங்களைக் காங்கிரசுக்கும் அனுப்பிவைத்தார்.

மறு ஆண்டு, 1892-இல், விக்டோரியா மண்டபத்தில், பிரமுகர்களின் அரசியல் அமைப்பான சென்னை மகாஜன சபையின் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாகப் பண்டிதர் வந்திருந்தார். சிவன் கோயிலுக்குள்ளும் விஷ்ணு கோயிலுக்குள்ளும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். உங்கள் குலத்துக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்ற பொருளில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் தர ஒத்துக்கொள்ளுங்கள் என்று அந்த இடத்திலேயே திருப்பிக் கேட்டார். கோயில் கேள்வி தோற்றது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமியை மறுத்த அதே வாயால் பள்ளிக்கூடத்தையும் மறுப்பது கூட்டத்துக்குச் சங்கடம். நல்ல வியாபாரிக்குத் தெரிந்த கணக்கு இது.

அதே 1892-இல்தான் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க, செப்டம்பர் 30-ஆம் தேதி 1010-ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் வேர் அது. ஒன்றினால்தான் மற்றொன்று நடந்தது என்று முடிச்சுப் போட நான் வரவில்லை. தரிசு நிலக் கோரிக்கை அந்த ஆண்டில் பல வாய்களில் இருந்தது என்பது மட்டும் தெளிவு.

1898-இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கைக்குப் போய், சுமங்கல தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றுத் திரும்பினார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. ஆல்காட் 1894-இலேயே அடையாறில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்திருந்தார். அதன் வாரிசுப் பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது.

இனி பத்திரிகை. 1885-இல் ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' நடத்திய அனுபவம் ஏற்கெனவே உண்டு. 1907 ஜூன் 19-ஆம் தேதி, 62-ஆம் வயதில், 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை காலணா, புதன்கிழமைதோறும். ஓராண்டு கழித்து வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி 'ஒரு பைசா' போய், 1908 ஆகஸ்ட் 26 முதல் 'தமிழன்' ஆனது. பழைய பத்திரிகை ஆராய்கிற மாணவர்கள் ஒரு சின்னச் சோதனையைப் பழகிக்கொள்ளுங்கள்: தேதியைப் பார்த்ததும் கிழமையைக் கணக்கிடுங்கள். இந்த இரண்டு தேதியும் புதன்கிழமைதான். நான்கு நாள் தள்ளி ஒரு தேதி எங்காவது அச்சாகியிருந்தால் அது படியெடுத்தவர் கைப்பிழை என்று சந்தேகிக்கலாம்.

காலணா என்றால் எவ்வளவு? ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா. காலணாதான் அன்றைய ஒரு பைசா. ஆக ரூபாய்க்கு 64 பைசா. ஓர் ஆண்டின் 52 இதழ்களும் சேர்ந்து 13 அணா. ஒரு தாளை ஒரு முறை மடித்தால் நான்கு பக்கம். தைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். அச்சகத்தில் மிகக் குறைந்த வேலை கேட்கும் அமைப்பு அதுதான். ஆனாலும் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, மெய்ப்புப் பார்த்து, அச்சேற்றி, எழுத்தைப் பிரித்து மறுபடி அறையில் போட்டு, அடுத்த புதனுக்குள் இத்தனையும் திரும்ப நடக்க வேண்டும். காலணா விலையில் தாள் செலவு போக எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சந்தாவை முன்பணமாகக் கட்டுகிறவர்கள் இல்லையென்றால் இப்படிப்பட்ட இதழ் ஆறு மாதம் தாங்காது. அந்தக் காலத்துச் சிறு பத்திரிகைகள் பலவும் செத்தது சந்தாப் பாக்கியால்தான். இது ஏழு ஆண்டு நின்றது.

எப்படி நின்றது என்பதற்கு விடை ஊர்ப்பட்டியலில் இருக்கிறது. சங்கத்துக்கும் இதழுக்கும் ஆதரவு வந்த இடங்கள்: கோலார் தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், ரங்கூன், டர்பன். என்ன பொது? தங்கவயலில் சுரங்கம். ஹூப்ளியில் ரயில்வே பணிமனை. பெங்களூரிலும் செகந்திராபாத்திலும் பட்டாளம். ரங்கூனில் துறைமுகம். டர்பனுக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள், அவர்கள் வாரிசுகள். எங்கும் கூலி காசாகக் கிடைத்தது; களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்லாக இல்லை. பண்ணையாரின் கண் எட்டாத இடமும்கூட. மிராசுதார் நிழலில் இருந்த தஞ்சைச் சேரியிலிருந்து ஒருவர் வாராவாரம் இந்த இதழை வரவழைத்து நாலு பேர் கேட்கப் படித்திருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சங்கக் கிளை இருந்தால் இதழ் போய்ச் சேரும். இதழ் போனால் கிளையில் ஞாயிறு கூடிப் பேசச் சரக்குக் கிடைக்கும்.

உள்ளே என்ன இருந்தது? சுதேசி இயக்கத்தின் மீது கடுமையான விமரிசனம், வாசகர் கேள்விகளுக்குப் பதில், மருத்துவம், பௌத்த வரலாறு, குறளுக்கு உரை. குறளை அவர் 'திரிக்குறள்' என்றே எழுதினார். திரிபிடகத்தோடு சேர்த்துப் படிப்பதற்காக. உரையை முடிக்கும் முன்பே காலமானார்.

அவருடைய புலமைமுறையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான். ஒரு சொல்லை எடுப்பார். பழைய செய்யுள் அகராதியான நிகண்டைப் பார்ப்பார். மணிமேகலை, சிந்தாமணி, வீரசோழியம் என்று சமண பௌத்த நூல்களில் ஆட்சி தேடுவார். பிறகு ஊர் வழக்கையும் சடங்கையும் அதனோடு பொருத்துவார். தீபாவளி எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாள் என்பது இப்படி வந்தது. பறைதல் என்றால் சொல்லுதல். பிராமண வேஷம் போட்டவர்கள் என்று அவர் சொன்ன 'வேஷ பிராமணரின்' வேஷத்தைப் பறைந்தவர்களே பறையர் எனப்பட்டனர் என்பதும் இப்படித்தான்.

மொழியியல் படித்தவர் இதில் பாதியை ஏற்க மாட்டார். அவர் காட்டும் சில செய்யுள்கள் வேறெங்கும் கிடைப்பதில்லை. ஆகவே படிக்கும்போது மூன்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்: நிகண்டில் உள்ளபடியே இருப்பது எது, அவர் ஊகம் எது, 1907-இல் அவர் கண்ணால் கண்ட நடப்பு எது. மூன்றாவதுதான் தங்கம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை எங்கே உட்கார வைத்தார்கள், எந்தக் கிராமத்தில் கிணற்றை அடைத்தார்கள் என்பதற்கு அவர் பக்கங்களே சாட்சி. முதல் இரண்டையும் கலந்து குழப்பிவிட்டு, 'எல்லாம் கற்பனை' என்று மூன்றாவதையும் சேர்த்து வீசுகிறவர்கள் உண்டு; 'எல்லாம் நிரூபிக்கப்பட்ட வரலாறு' என்று மூன்றையும் தலையில் வைத்து ஆடுகிறவர்களும் உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பறையரை உயர்த்திக்காட்ட, சக்கிலியர், தோட்டி, குறவர் முதலானோரைத் தாழ்ந்தவர் வரிசையில் விட்டு எழுதிய இடங்கள் அவரிடம் உண்டு. அருந்ததியர் தரப்பு இதைக் கேள்வி கேட்டிருக்கிறது, கேட்பது நியாயம். ஆங்கிலேய ஆட்சி மேல் அவர் வைத்த நம்பிக்கையும் அளவுக்கு மீறியதுதான். ஆனால் சுதேசிப் பிரமுகர்கள் கிணற்றைத் திறந்துவிட்டிருந்தால் அந்த நம்பிக்கை இவ்வளவு வளர்ந்திருக்காது.

பெயர் விஷயத்துக்கே திரும்புவோம். அவருடைய மனைவி தனலட்சுமி, இரட்டைமலை சீனிவாசனின் சகோதரி. மைத்துனர் 1893-இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர். வசைச்சொல்லைத் தலைநிமிர்ந்து சொன்னால் வசை கழியும் என்பது அவர் வழி. இன்னொருவன் வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது பண்டிதர் வழி. ஒரே குடும்பம், ஒரே ராயப்பேட்டை, இரண்டு கட்சி. இந்த வழக்கு இன்றும் முடியவில்லை.

1914 மே 5-இல் பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மறுபடி கொண்டுவந்தார். காசு வந்த ஊருக்கே பத்திரிகை போய்ச் சேர்ந்தது. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஞான. அலோய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் இரண்டு தொகுதிகளை வெளியிட்ட பிறகுதான் நம்மில் பலர் படித்தோம். அந்தத் தொகுப்பு பொருள்வாரியாகப் பிரித்தது. அரசியல் ஓரிடம், சமயம் ஓரிடம். படிக்க வசதிதான். ஆனால் ஒரே புதன்கிழமை ஒரே தாளில் கிணற்றுச் சண்டையும் குறளுரையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அதில் தெரியாது. கட்டுரைகளின் தேதியைக் குறித்துவைத்து, கால வரிசையில் ஒரு முறை படியுங்கள். குறிப்பாக, 1911 கணக்கெடுப்பை ஒட்டிய மாதங்களை. கணக்கெடுக்கிறவர் வாசலுக்கு வந்தால் பௌத்தர் என்று சொல்லுங்கள் என்று அவர் வற்புறுத்திய நாட்கள் அவை.

அவர் கேட்ட பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. 1922-இல் எம்.சி. ராஜாவின் சட்டமன்ற முயற்சியால், பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டு ஆதி திராவிடர் என்று எழுத சென்னை அரசு உத்தரவிட்டது. அதே பெயர்தான் இன்று கோட்டையில் ஒரு துறையின் பலகையிலும், தாசில்தார் கையெழுத்திட்டுத் தரும் சாதிச் சான்றிதழிலும் இருக்கிறது.