மறுப்புக் கடிதம் வந்தால் ஓரமாக வைத்துவிடாதீர்கள்

வணக்கம் எல்லாருக்கும். போன வீடியோவில் என் பழைய வேலையைப் பற்றி ரெண்டு வரி சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அக்கா, நீதிபதி என்கிறீர்கள், ஆனால் கோர்ட்டில் இல்லை என்கிறீர்கள், பிறகு எங்கே உட்கார்ந்து தீர்ப்பு சொன்னீர்கள்?" சரி, இன்றைக்கு அதை மட்டும் பேசலாம். ஓய்வு பெற்றுவிட்டதால் கொஞ்சம் தாராளமாகப் பேச முடியும். ஆனாலும் யாருடைய வழக்கையும் அப்படியே சொல்ல மாட்டேன், நான் சொல்லப்போகிற உதாரணங்களில் ஊர், தொழில், ஆளின் விவரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

நான் பார்த்தது கலிஃபோர்னியா மாநில அரசில் நிர்வாகச் சட்ட நீதிபதி வேலை. அரசாங்கத் துறை ஒன்று உங்களுக்கு எதிராக ஒரு முடிவு எடுக்கிறது என்று வையுங்கள், உதவித்தொகை கிடையாது என்கிறது, அல்லது உங்கள் தொழில் லைசென்சை ரத்து செய்கிறேன் என்கிறது. அதை எதிர்த்து நீங்கள் முதலில் போய் நிற்கிற இடம் பெரும்பாலும் கோர்ட் இல்லை, எங்களைப் போன்றவர்கள் நடத்துகிற விசாரணைதான். டாக்டர், நர்ஸ் லைசென்ஸ் வழக்குகள், பிள்ளைகளின் சிறப்புக் கல்வி வழக்குகள் இதெல்லாம் 1945-ல் தொடங்கின நிர்வாக விசாரணை அலுவலகத்துக்குப் போகும். அங்கே லைசென்ஸ் வழக்குகளில் நீதிபதி எழுதுவது பொதுவாக முன்மொழிவுதான், அதை ஏற்பதா மாற்றுவதா என்பதை அந்தந்த வாரியம் முடிவு செய்யும். நான் இருந்தது அங்கே இல்லை. நான் வேலையின்மைக் காப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்தில் இருந்தேன். இங்கே நீதிபதி எழுதுவதுதான் தீர்ப்பு, யாராவது மேலே வாரியத்துக்கு அப்பீல் போனால் ஒழிய அது நிற்கும்.

நடைமுறை இதுதான். வேலை போகிறது, இ.டி.டி என்று எல்லாரும் சொல்கிற வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறையில் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். கிடைத்தால் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், வழக்கமாக 26 வாரம் வரை. இந்த 450 என்பது 2005-ல் வைத்தது, சான் ஹோசே பக்கம் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவர்களைப் பார்த்த பிறகு எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. அது சட்டமன்றம் செய்ய வேண்டிய காரியம், நீதிபதியால் ஒரு டாலர்கூடக் கூட்ட முடியாது. இ.டி.டி உங்களிடமும் உங்கள் முதலாளியிடமும் விசாரித்து, "நீங்களாக விலகியிருக்கிறீர்கள்" என்றோ "உங்கள் தவறான நடத்தைக்காக நீக்கியிருக்கிறார்கள்" என்றோ மறுத்துவிட்டால், வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை.

இப்படி ஒரு விசாரணை இருந்தே ஆக வேண்டும் என்பது யாரோ பெரிய மனது பண்ணிக் கொடுத்தது இல்லை. 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, வேலையின்மை உதவி மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நடுநிலையான ஒரு தீர்ப்பாயத்தின் முன் நியாயமான விசாரணைக்கு வாய்ப்பு வேண்டும் என்று எழுதியிருக்கிறது, அதைச் செய்யாத மாநிலத்துக்கு மத்திய அரசின் பணம் வராது. அப்புறம் 1970-ல் கோல்ட்பர்க் வழக்கு. நியூயார்க்கில் அரசு உதவி வாங்கிக்கொண்டிருந்தவர்களின் பணத்தை நிறுத்துவதற்கு முன்னாலேயே அவர்களுக்கு விசாரணை தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒருவரிடம் "முதலில் நிறுத்துகிறோம், பிறகு விசாரிக்கிறோம்" என்று சொல்ல முடியாது, அதுதான் அங்கே அடிப்படை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் அதை முழுசாகப் படித்தேன், நம் வேலை எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது ஒரு விசாரணை எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். உயரமான மேடை, கறுப்பு அங்கி, சுத்தியல் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். முக்கால்வாசி போனில்தான் நடக்கும். ஒரு லைனில் வேலை இழந்தவர், இன்னொரு லைனில் முதலாளி தரப்பில் யாராவது, தேவையென்றால் மொழிபெயர்ப்பாளர், அப்புறம் நான், எல்லாம் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருக்கும். இ.டி.டி-யிலிருந்து பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள், அவர்கள் கோப்பு மட்டும் வரும். எல்லாரிடமும் உண்மையைச் சொல்வதாக உறுதிமொழி வாங்கிவிட்டுத் தொடங்குவோம். அம்மாவுக்காகப் பையனே மொழிபெயர்க்கிறேன் என்று நிறைய வீடுகளில் சொல்வார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அதை ஒத்துக்கொள்ள முடியாது, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவருக்குச் செலவு அரசாங்கத்தது. அம்மா சொன்னதை மகன் சுருக்கிச் சொன்னால் அம்மாவின் சாட்சியம் பாதி காணாமல் போய்விடும், பிறகு வாரியத்தில் யாராவது அந்த ரெக்கார்டைக் கேட்கும்போது அந்தப் பாதி எங்கேயும் இருக்காது.

உதாரணத்துக்கு ஒரு பெண்மணி, முதியோர் இல்லத்தில் இரவுப் பணி, தாமதமாக வருகிறார் என்று நீக்கிவிட்டார்கள். முதலாளி தரப்பில் எச்.ஆர் அம்மா பேசுகிறார், வேறு ஊரில் இருக்கிற தலைமை அலுவலகத்திலிருந்து. கையில் எச்சரிக்கைக் கடிதங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகத் தேதியோடு வாசிக்கிறார். கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நான் கேட்கிறேன், "இவர் தாமதமாக வந்ததை நீங்கள் பார்த்தீர்களா?" இல்லை. "யார் பார்த்தது?" சூப்பர்வைசர். "அவர் லைனில் இருக்கிறாரா?" இல்லை, அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து அந்தப் பெண்மணியிடம் போகிறேன். எடுத்த எடுப்பிலேயே அழுகிறார், தான் எவ்வளவு நன்றாக வேலை பார்த்தேன் என்கிறார், ஒரு பாட்டி தன் கையால் மட்டும்தான் சாப்பிடுவார் என்கிறார். அதையெல்லாம் வெட்டக் கூடாது, கேட்க வேண்டும், ஆனால் எனக்கு வேண்டிய பதில் அதில் இல்லை. அதனால் மெதுவாகக் கேட்கிறேன், வேலைக்கு எப்படிப் போவீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எந்த பஸ். அங்கேதான் விஷயம் வந்தது. இரவு பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள், முதல் பஸ் பிடித்தால் ரொம்ப சீக்கிரம் போய்விடுவார், அடுத்ததைப் பிடித்தால் பத்து நிமிஷம் தாமதம். சூப்பர்வைசரிடம் சொன்னாராம், அவர் "பரவாயில்லை, வந்தால் போதும்" என்றாராம். "இதை இ.டி.டி-யிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். "யாரும் கேட்கலையே" என்றார்.

யாரும் கேட்கவில்லை, அதுதான் பதில். இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பது என் அழுத்தமான நம்பிக்கை. சாதாரண கோர்ட்டில் ரெண்டு பக்கமும் வக்கீல் இருப்பார்கள், நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தால் போதும். இங்கே பெரும்பாலும் வக்கீலே கிடையாது, எது முக்கியம் எது முக்கியம் இல்லை என்று வந்தவருக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம். அதனால் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து நீதிபதியே கேள்வி கேட்டு உண்மையை வெளியே கொண்டுவர வேண்டும், அதே நேரம் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. கேள்வி கேட்காத நீதிபதி நடுநிலையாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அந்த மௌனத்தில் லாபம் எப்போதும் காகிதம் வைத்திருக்கிறவருக்குத்தான்.

இப்போது சட்டம் எங்கே வருகிறது என்றால், நீக்கப்பட்ட வழக்கில் தவறான நடத்தையை நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. இன்னொருவர் சொன்னதைக் கேட்டுச் சொல்கிற சாட்சியத்தை நாங்கள் ஏற்போம், கோர்ட் மாதிரி ஒரேயடியாகத் தள்ளுவதில்லை, ஆனால் எதிரில் ஒருவர் தான் நேரில் கண்டதை, தன்னிடம் சொல்லப்பட்டதை உறுதிமொழியோடு சொல்லும்போது வாசித்த காகிதத்தின் எடை குறைந்துவிடும். அப்புறம் தவறான நடத்தை என்றால் என்ன? இதற்கு நாடு முழுக்கச் சொல்கிற பழைய வழக்கு ஒன்று உண்டு, 1941-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தில் வந்த பாய்ன்டன் கேப் வழக்கு. டாக்சி ஓட்டுநர், சின்னச் சின்ன விபத்துகள், வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். நீதிமன்றம் சொன்னது, வேண்டுமென்றே முதலாளியின் நலனைப் புறக்கணிப்பதுதான் தவறான நடத்தை, திறமைக் குறைவோ எப்போதாவது வருகிற கவனப் பிசகோ அதில் சேராது. இதை நம் ஆட்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முதலாளிக்கு உங்களை நீக்க உரிமை இருக்கலாம், அது வேறு கேள்வி. நீக்கியது சரியா என்று நாங்கள் பார்ப்பதில்லை, உதவித்தொகை போக வேண்டிய அளவுக்கு நீங்கள் நடந்துகொண்டீர்களா என்றுதான் பார்க்கிறோம். அந்தப் பெண்மணிக்கு உதவித்தொகை கிடைத்தது.

எல்லாருக்கும் கிடைக்காது. தானாக விலகியவர்கள் வழக்கு ரொம்பக் கஷ்டம். ஒருவர், கிடங்கில் வேலை, மேனேஜர் எல்லார் முன்னாலும் ஒருநாள் சத்தம் போட்டார், இவர் பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அவமானம் உண்மைதான், எனக்கும் கேட்கும்போது கோபம் வந்தது. ஆனால் விலகுவதற்கு முன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்தீர்கள் என்று சட்டம் கேட்கிறது. மேலே புகார் சொன்னாரா, வேறு ஷிப்ட் கேட்டாரா, லீவு கேட்டாரா? எதுவும் இல்லை. மறுப்பு சரி என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அந்த மாதிரித் தீர்ப்பை எழுதத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஜெயித்தவர் கடைசி வரியை மட்டும் படிப்பார், தோற்றவர் ஒவ்வொரு வரியையும் படிப்பார். என்ன நடந்தது என்று அவர் சொன்னதை முதலில் எழுதி, அதை நான் நம்பினேனா இல்லையா என்று எழுதி, பிறகு சட்டம் ஏன் உதவவில்லை என்று சாதாரண மொழியில் எழுத வேண்டும். வீட்டுக் கொடுமையிலிருந்து தன்னையோ பிள்ளைகளையோ காப்பாற்றிக்கொள்ள வேலையை விட்டவர்களுக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது, தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், இது ரொம்ப முக்கியம்.

இன்னொரு வகை, வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடு என்று வருகிற கடிதம். வாரத்தில் ரெண்டு நாள் எங்கேயாவது வேலை பார்த்திருப்பார்கள், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை இ.டி.டி-க்கு அனுப்புகிற படிவத்தில் அதைச் சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் எழுதியிருப்பார்கள், ஆனால் உழைத்த வாரத்தில் எழுத வேண்டும், அதுவும் பிடித்தம் போகக் கைக்கு வந்ததை இல்லை, பிடித்தத்துக்கு முன்னால் உள்ள தொகையை. வேண்டுமென்றே மறைத்தார் என்று முடிவானால் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகையோடு 30 சதவீதம் அபராதம் சேரும். தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று படிவத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஆளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தவறு அவருடையது இல்லை, திருப்பிக் கட்டச் சொல்வதும் நியாயமாக இருக்காது என்றால் தள்ளுபடிகூட உண்டு. ஆனால் அவர் வர வேண்டுமே!

வராமல் போவதுதான் என்னை ரொம்ப வருத்திய விஷயம். அப்பீல் போட்டிருப்பார், விசாரணை நேரத்துக்குக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், தெரியாத நம்பர் என்று விட்டுவிட்டிருப்பார். அவர் வராவிட்டால் அவர் அப்பீல் தள்ளுபடி. அதனால் விசாரணை நாளில் தெரியாத நம்பர் வந்தாலும் எடுங்கள். 30 நாள் தாண்டிவிட்டாலும் தகுந்த காரணம் இருந்தால் அப்பீல் போடுங்கள், காரணத்தைக் கேட்டு நீதிபதி முடிவு செய்வார். அப்புறம் ரொம்பப் பேர் விட்டுவிடுகிற ஒன்று: அப்பீல் நடந்துகொண்டிருக்கிறபோதும் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை இ.டி.டி படிவத்தை நிரப்பி அனுப்பிக்கொண்டே இருங்கள். ஜெயித்தாலும் நிரப்பாத வாரங்களுக்குப் பணம் வருவது சிக்கலாகிவிடும். நேரில் பார்த்த ஒரு சக ஊழியரை சாட்சியாகக் கூப்பிட முடிந்தால் கூப்பிடுங்கள், பத்துப் பாராட்டுக் கடிதத்தைவிட அது உதவும். நீதிபதிக்குத் தனியாக மெயில் அனுப்பி உங்கள் கதையைச் சொல்லாதீர்கள், எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாமல் நாங்கள் எதையும் கேட்கக் கூடாது.

வேகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் கட்ட அப்பீல்களில் 60 சதவீதத்தை 30 நாளுக்குள்ளும் 80 சதவீதத்தை 45 நாளுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. அதனால் அடுத்தடுத்து விசாரணை, நடுவில் தீர்ப்பு எழுதுவது என்று நாள் முழுக்க ஓடும். இந்த வேலைக்கு வர நினைக்கிற வக்கீல்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நான் சொல்வது, வாதாடும் திறமையைவிடப் பொறுமையாகக் கேட்கிற பழக்கமும் வேகமாகத் தெளிவாக எழுதுகிற பழக்கமும்தான் இங்கே வேண்டும். சட்ட உதவி மையங்களில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வாருங்கள், எதிரில் இருப்பவரின் வாழ்க்கை என்ன என்று அங்கேதான் புரியும்.

மேலே வாரியத்துக்கு அப்பீல் எப்படிப் போவது, அதற்குப் பிறகு கோர்ட்டுக்கு எப்படிப் போவது என்பதை அடுத்த வீடியோவில் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், ஆனால் கேஸ் நம்பர், சோஷியல் செக்யூரிட்டி நம்பர், முதலாளி பெயர் எதையும் போடாதீர்கள், பொதுவாகக் கேட்டாலே நான் பதில் சொல்லிவிடுவேன்.