காணிக்கைப் பையில் விழுந்த கேள்வி

பெருமதிப்புக்குரிய பேராயர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மூத்த போதகர் அவர்களே, இறையியல் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, சபைச் செயலாளர், பொருளாளர் அவர்களே, பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மையார் அவர்களே, இளைஞர் ஐக்கியத்துத் தம்பி தங்கையரே, கடைசி வரிசையில் கதவோரம் இடம் பிடித்திருக்கும் பெரியவர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கங்கள். பேராயர் அவர்கள் இன்று மாலையே இன்னொரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தும், என் பேச்சு முடியும்வரை இருப்பதாக வாக்களித்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. அறிமுகவுரையில் செயலாளர் அவர்கள், எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கிறது என்று கூறினார். அதை இப்போதே மறுத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள்.

கிறிஸ்தவ விசுவாசத்தின்மேல் வழக்கமாக எழுப்பப்படும் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். ஆறு ஆட்சேபங்களைக் குறித்து வந்திருக்கிறேன். இயேசு என்றொருவர் இருந்தாரா என்பது முதலாவது. வேதாகமம் திருத்தப்பட்டுவிட்டது என்பது இரண்டாவது. அறிவியல் வந்தபின் விசுவாசம் எதற்கு என்பது மூன்றாவது. அன்புள்ள கடவுளின் உலகில் இத்தனை துன்பம் ஏன் என்பது நான்காவது. சபையின் பாவங்கள் ஐந்தாவது. ஒரே வழி என்று உரிமை கொண்டாடுவது நியாயமா என்பது ஆறாவது. இவற்றை எடுத்துக்கொள்ளும் முன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்ற பழமொழியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அதற்கு உரையே.

பதில் சொல்வது என்றதும் நம்மவர்கள் பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுவார்கள். நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘அப்போலோகியா’ என்ற சொல், குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் எதிருரையைக் குறிப்பது. குற்றச்சாட்டை முழுமையாக வாசித்துக் காட்டாமல் எந்த நீதிமன்றமும் எதிருரை கேட்பதில்லை. நாம் மட்டும் கேள்வி வாயை விட்டு வெளியே வரும் முன்பே பதிலை நீட்டிவிடுகிறோம். அதே வசனத்தில் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. அவற்றை மேற்கோள் காட்டிய விவாத மேடை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

பழைய காலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். இயேசுவின் பிறப்பை இகழ்ந்தார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் யார், பித்துப்பிடித்த ஒரு பெண்தானே என்று ஏளனம் செய்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, சுமார் 248இல், நண்பர் ஒருவர் வற்புறுத்தியதன் பேரில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எட்டுப் புத்தகங்களாக மறுப்பு எழுதினார். செல்சஸின் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே தம் பதிலை வைத்தார். செல்சஸின் நூல் இன்று கிடைக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று உலகம் அறிவது ஓரிகன் எடுத்தெழுதியதால்தான். எதிராளியின் குரலைக் காப்பாற்றிக் கொடுத்தவர் மறுப்பு எழுதிய கிறிஸ்தவர்.

இரண்டாவது நிகழ்ச்சி வேறு மாதிரி. மூன்றாம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவ அறிஞர் இன்னும் கூர்மையாக எழுதினார். அடுத்த நூற்றாண்டில் பேரரசர்கள் கிறிஸ்தவர்களானார்கள். 448இல் அவருடைய நூல்களை எரிக்கச் சொல்லி இரண்டாம் தியோடோசியஸ் ஆணை பிறப்பித்தார். எரித்ததால் கேள்வி போயிற்றா? தானியேலின் புத்தகம் பாபிலோனியக் காலத்தில் எழுதப்பட்டதன்று, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகு எப்பிபானேஸ் என்ற அரசனின் கொடுமைக் காலத்தில் எழுதப்பட்டது என்று போர்ஃபிரி வாதிட்டிருந்தார். மறுப்பதற்காக ஜெரோம் என்ற வேதாகம அறிஞர் அதைத் தம் விளக்கவுரையில் குறித்து வைத்தார். இன்றைய வேதாகம அறிஞர்களில் பெரும்பாலோர் அந்தக் காலக்கணிப்பையே ஒப்புகிறார்கள். நெருப்பில் போட்ட பூசணிக்காய் இறையியல் கல்லூரிப் பாடத்திட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பேராசிரியர்கள் புன்னகைக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

முதல் ஆட்சேபத்துக்கு அதிக நேரம் வேண்டாம். ஏறத்தாழ 116இல் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கிறிஸ்து என்பவர் பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் ஆளுநர் பிலாத்துவால் தண்டிக்கப்பட்டார் என்று குறிப்பிடுகிறார். அவருக்கு நம்மேல் அன்பு கிடையாது. நம்முடையதைக் கேடு விளைவிக்கும் மூடநம்பிக்கை என்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசருக்குக் கடிதம் எழுதினார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸின் சான்று ஒன்றையும் நம்மவர்கள் முழக்குவார்கள். அவருடைய நூலில் இயேசுவைப் பற்றிய நீண்ட பத்தி ஒன்றில் பிற்காலக் கிறிஸ்தவக் கை ஒன்று சொற்களைச் சேர்த்திருக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதைச் சொல்லாமல் மேற்கோள் காட்டுவது, மறுபடியும், பூசணிக்காயும் சோறும்தான். யாக்கோபை ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்’ என்று அவர் போகிற போக்கில் குறிப்பிடும் இடம் பொதுவாக ஐயத்துக்கு இடமில்லாதது. நமக்கு அது போதும்.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருகிறேன். இதை விளக்க எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பு இருந்த ஒரு சபையில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, உள்ளறையில் காணிக்கை எண்ணிக்கொண்டிருந்தோம். பையைக் கவிழ்த்தபோது, நோட்டுகளோடு நான்காக மடித்த ஒரு சீட்டு விழுந்தது. ஜெப விண்ணப்பமாக இருக்கும் என்று பொருளாளர் பிரித்தார். பென்சிலால், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே நிற்க, எழுதியிருந்தது: ‘பழைய வேதாகமத்தில் மாற்கு கடைசி அதிகாரம் ஒரே ஓட்டமாக இருக்கிறது. புது மொழிபெயர்ப்பில் 9ஆம் வசனத்திலிருந்து அடைப்புக்குறி போட்டிருக்கிறது. எது சரி? யாராவது சொல்லவும்.’ கையொப்பம் இல்லை. பொருளாளர், இது ரொக்கமன்று, என் கணக்கில் வராது என்று செயலாளரிடம் தள்ளினார். செயலாளர், தீர்மானமுமன்று, நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறாது என்று மூப்பரிடம் தள்ளினார். மூப்பர் கண்ணாடியை மாட்டி இரண்டு முறை வாசித்து, ‘இளைஞர் ஐக்கியத்துப் பையன்கள் வேலை, கைப்பேசியில் எதையாவது பார்த்துவிட்டு வந்து நம்மைச் சோதிக்கிறார்கள்’ என்று தீர்ப்பளித்தார். போதகர், அடுத்த ஆராதனைக்குப் போகும் அவசரத்தில் அங்கியை மடித்துக்கொண்டே, ‘ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் பார்த்துக்கொள்வார்’ என்றார். அந்த வாத்தியார் நான்தான். அன்றைய காணிக்கையில் கணக்கில் ஏறாமல் போனது அந்தச் சீட்டு ஒன்றே.

எனக்கும் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. நாற்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். அந்த அடைப்புக்குறியை என் கண் பார்த்திருக்கிறது, மனம் பார்த்ததில்லை. மூன்று வாரம் தேடிப் படித்தேன். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி ஆகிய இரண்டு பழம்பெரும் பிரதிகளிலும் மாற்கு 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நிற்கிறது. கல்லறையிலிருந்து பெண்கள் பயந்து ஓடினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு சுவிசேஷம் முடிந்துவிடுகிறது. அடுத்த பன்னிரண்டு வசனங்கள் பிற்காலப் பிரதிகளில் பெரும்பாலானவற்றில் உண்டு. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும், அதாவது யோவான் 7இன் இறுதியிலும் 8இன் தொடக்கத்திலும் உள்ள பன்னிரண்டு வசனங்களும், மிகப் பழைய பிரதிகளில் இல்லை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த ஞாயிறு அறிவிப்பு வேளையில் அனுமதி வாங்கி வாசித்தேன். சபையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மூப்பர் இளைஞர் பக்கமே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், கடைசி வரிசையில் தூணோரம் உட்காருபவர், ஒருநாளும் யாரிடமும் பேசாதவர், என்னிடம் வந்து, ‘தம்பி, அந்தச் சீட்டு நான் போட்டது’ என்றார். வயது வந்தபின் எழுத்துக் கற்றவர்; இரண்டு வேதாகமத்தையும் மடியில் வைத்து, விரல் வைத்து, சொல் சொல்லாக ஒப்பிட்டு வாசித்திருக்கிறார். ‘ஏன் அம்மா, நேரில் கேட்டிருக்கலாமே?’ என்றேன். ‘யாரிடம் கேட்பது? இங்கே கேட்பதற்கு என்று ஒரு நேரம் இருக்கிறதா? காணிக்கைக்குத்தான் நேரம் இருக்கிறது’ என்றார். அடைப்புக்குறியைப் பார்த்து விசுவாசம் தளர்ந்ததா என்று கேட்டேன். ‘மறைக்காமல் குறி போட்டிருக்கிறார்களே, அதனால்தான் மற்றதையும் நம்பலாம் என்று தோன்றியது’ என்றார்.

அந்த அம்மாள் சொன்னதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் 5,000க்கும் மேல் உண்டு. கையால் எழுதியவர்கள் பிழை விட்டார்கள், சிலர் சேர்த்தார்கள், சிலர் திருத்தினார்கள். ஆனால் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கைகளில் பிரதிகள் பரவிக் கிடப்பதால், எவர் எங்கே கை வைத்தார் என்பதை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடிகிறது. மான்செஸ்டர் நூலகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் உயரம், ஆறு சென்டிமீட்டர் அகலம். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கணிக்கிறார்கள். யோவான் 18ஆம் அதிகாரத்தில் பிலாத்து இயேசுவை விசாரிக்கும் பகுதியின் சில வரிகள் அதன் இரு பக்கமும் உள்ளன. நம்மிடம் மிஞ்சிய மிகப் பழைய துண்டுகளில் ஒன்று, ஓர் அதிகாரி கேள்வி கேட்கும் காட்சியாக அமைந்ததை நான் தற்செயல் என்று விட மனமில்லாதவன். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபத்தை, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால், சுருக்குகிறேன். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. மரபியலுக்கு வித்திட்ட மெண்டல் ஒரு துறவி. இவர்களை மேடையில் ஏற்றிக் கைதட்டும் நாம், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் கலிலேயோவைத் தண்டித்ததையும், அது தவறு என்று போப் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 ஆனதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

துன்பத்தைப் பற்றிய கேள்வியில் நான் தயங்குகிறேன். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, லிஸ்பன் நகர ஆலயங்கள் நிரம்பியிருந்த காலை வேளையில் நிலம் அதிர்ந்து, ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள்மேலேயே கூரை விழுந்தது. அதற்கு விளக்கம் கையில் வைத்திருப்பவரைக் கண்டால் எனக்குப் பயம். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு திருப்பிக் கேட்டார், காரணம் சொல்லவில்லை. யோபுவின் புத்தகத்தில் விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் கடவுளின் கோபம் மூண்டது. கேள்வி கேட்டு முறையிட்ட யோபு நிதானமாய்ப் பேசினான் என்று தீர்ப்பாயிற்று. நம் துக்க வீடுகளில் யோபுவின் நண்பர்களே அதிகம் பேசுகிறார்கள்.

சபையின் பாவங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பார்பேடோஸ் தீவில், சுவிசேஷத்தைப் பரப்புவதற்கென்றே நிறுவப்பட்ட ஆங்கிலிக்கச் சங்கம் ஒன்று, கரும்புத் தோட்டங்களையும் அவற்றில் உழைத்த அடிமைகளையும் சொத்தாக வைத்திருந்தது. அந்த அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்ற சொல் காய்ச்சிய இரும்பால் பொறிக்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபை 2006இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. இதைக் கேட்டவுடன், அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்சும் கிறிஸ்தவர்தானே என்று நாக்கு நுனிக்கு வருகிறது. உண்மைதான். ஆனால் அந்த இரும்பின் முன்னால் ஒரு நிமிடமாவது வாய்மூடி நின்றுவிட்டு அந்தப் பெயரைச் சொல்வோம்.

ஆறாவது ஆட்சேபத்துக்கு நேரமில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஆகவே, நான் ஊர் ஊராகக் கேட்டு வரும் ஒன்றை இங்கும் கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு சபையிலும், ஆராதனை முடிந்தபின், வாரம் அரைமணி நேரம் கேள்விக்கென்று ஒதுக்குங்கள். எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். பெயர் எழுத வேண்டாம். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரம் படித்துவிட்டு வாருங்கள். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் காணப்பட்டபோது, போதகர் நடுவில் உட்கார்ந்து அவர்களை வினாவிக்கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பிள்ளை இன்று நம் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்தால் மனப்பாட வசனம் ஒப்பிக்கச் சொல்லி உட்கார வைத்துவிடுவோம். பேராயர் அவர்கள் மனம் வைத்தால், வரும் ஆண்டே இது ஒரு சுற்றறிக்கையாக வரும். முழுப் பூசணிக்காய் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டுச் சோற்றிலும் தெரிகிறது என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

அந்த அம்மாள் பிறகு இன்னொரு சீட்டும் கொடுத்தார். மடிப்பில் கிழிந்துவிட்டது, வாசிக்கிறேன்: ‘மாற்கு 8ஆம் வசனத்தோடு நிறுத்தியது உண்மையானால், பயந்து ஓடிய அந்தப் பெண்கள் ஒருவருக்கும் சொல்லவில்லையே, அப்புறம் மாற்குக்கு யார் சொன்னார்கள்?’ இதற்கு நான் எழுதிய பதில் ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. அம்மாளுக்கு அது போதவில்லை. வாசலருகே மேசையில் பெட்டியும் பென்சிலும் வைத்திருக்கிறோம். தலைவர் அவர்களுக்கு நன்றி, அமர்கிறேன்.